பங்காளிக் கடையும் நம் கடையும் ஒன்றாகும்போது: வாடிக்கையாளர் விவரங்களைக் கையாளும் முறை

திருமயத்தைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு வெளிநாட்டுத் தொழில் புதிதல்ல. ரங்கூன், கொழும்பு, பினாங்கு, சைகோன் என்று நகரத்தார் நடத்திய கடைகளில் ஏஜெண்டு, அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஆள்வரிசை இருந்தது. மூன்று வருடக் கெடு முடிந்து ஏஜெண்டு மாறும்போது பேரேடும் குறிப்பேடும் பெட்டிச் சாவியோடு புது ஏஜெண்டு கைக்குப் போகும். ஐந்தொகை ஊருக்கு வரும். கடன் வாங்கியவர் யார், எந்த நிலத்தை ஈடு வைத்தார், வட்டி எத்தனை மாதம் பாக்கி என்ற விவரமெல்லாம் முதலாளியின் சொத்து. கடன் வாங்கியவருக்கு அதில் ஒரு பேச்சும் கிடையாது.

இன்று அவருக்குப் பேச்சு உண்டு. இந்தியாவிலும் உண்டு, சிங்கப்பூரிலும் உண்டு, மலேசியாவிலும் உண்டு. தன்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கலாம், தப்பாக இருந்தால் திருத்தச் சொல்லலாம், கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். இதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் இந்த அத்தியாயத்தின் மற்ற எல்லாம் விளங்கும்.

இரண்டு நிறுவனங்கள் இணையும்போது கட்டடத்தை அளக்கிறோம், சரக்கை எண்ணுகிறோம், வங்கிக் கடனையும் கோர்ட்டு வழக்கையும் வக்கீல் பட்டியல் போடுகிறார். வாடிக்கையாளர் விவரம் மட்டும் ‘குட்வில்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. அடங்கக் கூடாது. ஒருவர் தன் போன் நம்பரையும் பான் எண்ணையும் ஏதோ ஒரு வேலைக்காகத் தந்திருக்கிறார். அந்த வேலைக்கு மட்டும் பயன்படுத்துவோம் என்று நாம் சொன்ன வாக்கும் அந்த விவரத்தோடு சேர்ந்தே வருகிறது. கடையை வாங்குகிறவர் வாக்கையும் வாங்குகிறார்.

கரூர் வங்கியில் நடந்தது

நம் பக்கத்தில் பலரும் அனுபவித்த இணைப்பு ஒன்றைப் பார்ப்போம். 1926-இல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி நெருக்கடியில் சிக்கி, 2020 நவம்பர் 17 அன்று தடைக்காலத்துக்குள் வந்தது. 25,000 ரூபாய்க்கு மேல் பணம் எடுக்க முடியாது என்று அறிவிப்பு. நவம்பர் 25-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல். நவம்பர் 27-இல் டிபிஎஸ் பேங்க் இந்தியாவோடு இணைப்பு. சிங்கப்பூர் டிபிஎஸ் வங்கிக்கு முழுவதும் சொந்தமான இந்திய நிறுவனம் அது. ஏறக்குறைய 20 லட்சம் வைப்பாளர்களின் கணக்கு பத்து நாளில் வேறு வங்கியின் பொறுப்புக்குப் போய்விட்டது.

சட்டப்படியான இணைப்பு பத்து நாள். கணக்கும் எண்களும் ஒன்றாவதற்கு? பழைய ஐஎஃப்எஸ்சி எண்கள் 2022 பிப்ரவரி 28 வரை செல்லுபடியாகின. அந்த ஒரு எண்ணை மாற்றி முடிக்கவே ஒன்றேகால் வருடம். இடைப்பட்ட காலத்தில் ஒரே நிறுவனத்துக்குள் இரண்டு கணினி அமைப்பு, இரண்டு வகை பாஸ்புக், இரண்டு வகை உதவி எண். ஏமாற்றுக்காரர்களுக்குப் பிடித்தமான காலம் இதுதான். “உங்க பேங்க் மாறிடுச்சு, கேஒய்சி அப்டேட் பண்ணணும், ஓடிபி சொல்லுங்க” என்று போன் வந்தால், உண்மையிலேயே வங்கி மாறியிருப்பதால் ஜனங்கள் நம்பிவிடுவார்கள். ஆகவே எந்த இணைப்பிலும் முதல் செலவுக் கணக்கில் வாடிக்கையாளருக்கான அறிவிப்பு இருக்க வேண்டும்: என்ன மாறுகிறது, எப்போது மாறுகிறது, நாங்கள் எதை ஒருபோதும் போனில் கேட்கமாட்டோம். தமிழில், ஒரு பக்கத்தில்.

இன்னொன்றும் அதில் கவனிக்க வேண்டும். இணைந்தது டிபிஎஸ்ஸின் இந்திய நிறுவனத்தோடு. தாய் வங்கி சிங்கப்பூரில் இருக்கும் வேறொரு சட்ட நபர். ஒரே பெயர்ப்பலகை என்பதால் விவரம் இங்கிருந்து அங்கே தானாகப் போய்விடலாம் என்று நினைப்பது பெரிய நிறுவனங்களில்கூட இருக்கும் மயக்கம். தாய் நிறுவனமும் வெளியாள்தான். அது ஒரு பட்டியலைக் கேட்டால், எதற்காக என்ற கேள்வியும், எந்த ஒப்பந்தப்படி என்ற கேள்வியும் எழ வேண்டும்.

ஒரு நகைச்சீட்டு விண்ணப்பம்

சிறிய அளவில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். திருமயத்தில் ஒரு குடும்பத்தின் நகைக்கடை. சிங்கப்பூர் சிராங்கூன் சாலைப் பக்கம் பங்காளி ஒருவர் நடத்தும் நகைக்கடை. இரண்டையும் ஒரே கம்பெனியின் கீழ் கொண்டுவருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

திருமயம் கடையின் நகைச்சீட்டு விண்ணப்பத்தை எடுத்து மேசைமேல் வையுங்கள். பெயர், கணவர் பெயர், வீட்டு விலாசம், போன், நாமினி பெயர். கீழே திருமண நாள். அதற்கும் கீழே பிள்ளைகளின் பெயரும் பிறந்த நாளும். வாழ்த்துச் செய்தி அனுப்பலாமே என்று யாரோ ஒரு வருடம் சேர்த்த கட்டம். பின்பக்கம் ஆதார் நகல் ஒட்டியிருக்கும், பன்னிரண்டு எண்ணும் பளிச்சென்று தெரியும்படி. சிலரிடம் பான் நகலும் இருக்கும்.

இதில் எதற்குக் காரணம் இருக்கிறது? சீட்டு நடத்தப் பெயரும் போனும் நாமினியும் வேண்டும். 2 லட்சம் ரூபாய்க்கு மேல் நகை வாங்கினால் பான் எண் வேண்டும் என்பது 2016 முதல் வருமான வரி விதி. ஆதாரைத் தந்தே ஆக வேண்டும் என்று ஒரு தனியார் கடை வற்புறுத்த முடியாது. 2018 செப்டம்பர் 26-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அந்த வழி அடைபட்டுவிட்டது. வாடிக்கையாளர் தானாகத் தந்தாலும் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதார் போதும். பிள்ளைகளின் பிறந்த நாளுக்குத் தொழிலில் ஒரு வேலையும் இல்லை. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் விவரத்துக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. அந்தக் கட்டத்தை விண்ணப்பத்திலிருந்து எடுத்துவிடுவதே நல்லது.

இனி சிங்கப்பூர்க் கடை. அங்கே 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கேட்டாலோ அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டியிருந்தாலோ ஒழிய ஒருவரின் என்ஆர்ஐசி (தேசிய அடையாள அட்டை) எண்ணையோ அட்டை நகலையோ வாங்கி வைக்கக் கூடாது என்பது தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல். வேலை அனுமதி எண்ணுக்கும் இதுவே. தங்கம், ரத்தின வியாபாரிகளுக்கு 20,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேற்பட்ட ரொக்க விற்பனையில் வாடிக்கையாளரை அடையாளம் கண்டு பதிவு செய்யும் கடமை 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி இருக்கிறது. அந்த நகல் நியாயமானது. 300 வெள்ளிக்கு மூக்குத்தி வாங்கியவரின் அட்டை நகல் அந்த அலமாரியில் இருந்தால் அது இணைப்புக்கு முன்பே தீர்க்க வேண்டிய விவகாரம். இணைந்தபின் அது நம் அலமாரி.

இங்கே ஒரு நுட்பம் உண்டு; பல ஆடிட்டர்களும் தாண்டிப் போகும் இடம். இந்தியச் சட்டம் டிஜிட்டல் வடிவில் உள்ள விவரத்துக்கும், தாளிலிருந்து டிஜிட்டலாக்கிய விவரத்துக்கும் பொருந்தும். பீரோவில் கட்டிவைத்த பழைய விண்ணப்பம் தாளாக இருக்கும்வரை அதன் வரம்புக்குள் வராது. இணைப்பு முடிந்த உற்சாகத்தில், “எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி கிளவுடுல ஏத்திடுவோம்” என்று ஒருவர் சொல்வார். ஏற்றிய நாளில் சட்டத்துக்குள் வந்துவிடுகிறீர்கள், இருபது வருடத்துப் பழைய விவரத்தோடு. சிங்கப்பூர்ச் சட்டத்துக்கு இந்த வேறுபாடே இல்லை. அங்கே தாளும் கணக்கில் சேரும். ஆகையால் ஸ்கேன் செய்வதற்கு முன் பிரித்தெடுங்கள். கம்பெனிச் சட்டப்படி கணக்குப் புத்தகங்கள் எட்டு ஆண்டு இருக்க வேண்டும். ஜிஎஸ்டி ஆவணங்களுக்கு ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய கெடு நாளிலிருந்து 72 மாதம். இந்தக் கெடுக்களுக்குள் வராததும், நடப்புச் சீட்டுக்கோ நிலுவைக்கோ வழக்குக்கோ வேண்டாததும் கிழிக்கும் எந்திரத்துக்குப் போகட்டும்.

எந்த வழியில் இணைகிறீர்கள்

ஆடிட்டரோடு உட்காரும்போது வரிச் சலுகையை மட்டும் வைத்து வழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். விவரத்தின் நிலை ஒவ்வொரு வழியிலும் வேறு.

பங்குகளை மட்டும் வாங்கினால் கம்பெனி அதே கம்பெனிதான். முதலாளி மாறியிருக்கிறார், வாடிக்கையாளருக்குப் பொறுப்பான சட்ட நபர் மாறவில்லை. ஆனால் புது முதலாளியின் மற்ற கம்பெனிகள் அந்தப் பட்டியலைத் தொட வேண்டுமானால் அது புதுப் பகிர்வு. அதற்கு ஒப்புதலோ சட்டம் ஏற்கும் வேறு காரணமோ வேண்டும். தொழிலை மட்டும் தனியாக விற்றால், பட்டியல் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு நேரடியாகப் போகிறது. நான்கு வழிகளில் அதிகக் கவனம் கேட்பது இது.

மூன்றாவது வழி, தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் ஒப்புதலோடு நடக்கும் முறையான இணைப்பு. புதுக்கோட்டை மாவட்டக் கம்பெனிகளுக்குச் சென்னை அமர்வு. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு இதற்கு விலக்குத் தருகிறது: தீர்ப்பாயமோ தகுதியுள்ள அதிகாரியோ ஏற்ற இணைப்புத் திட்டத்துக்குத் தேவையான அளவுக்கு ஒப்புதல், அறிவிப்பு, வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கான கட்டுப்பாடு முதலியவை பொருந்தாது. இதைப் படித்துவிட்டுப் பலரும் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள். தொடர்ந்து படிக்க வேண்டும். விவரத்தைப் பாதுகாப்பாக வைத்திருக்கும் கடமை விலக்கில் சேராது. அந்தக் கடமை தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை. இணைப்பு முடிந்தபின் அதே பட்டியலை வைத்துப் புதுத் திட்டத்துக்கு விளம்பரம் அனுப்புவதற்கும் அந்த விலக்கு உதவாது.

இந்தியக் கம்பெனியும் வெளிநாட்டுக் கம்பெனியும் நேரடியாக ஒன்றாக இணைய, கம்பெனிச் சட்டத்தின் 234-ஆவது பிரிவும் ரிசர்வ் வங்கியின் 2018 விதிமுறைகளும் உள்ளன. சிறு நிறுவனங்களுக்கு இந்த வழி பெரும்பாலும் செலவு அதிகம்.

தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்கள்மேல் விழும் பெரும்பாலான கடமைகளுக்கு 18 மாத அவகாசம். அதாவது 2027 மே. அதுவரை ஒன்றுமே இல்லை என்று பொருளல்ல. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 2011 விதிகள் வங்கிக் கணக்கு, உடல்நலம், கைரேகை போன்ற விவரங்களுக்கு இப்போதும் இருக்கின்றன. 2026-இல் கையெழுத்தாகும் இணைப்பு 2027-இலும் நடந்துகொண்டிருக்கும் என்பதால், புதுச் சட்டத்தை வைத்தே திட்டமிடுங்கள். சட்டம் அமலாகும் முன்பே ஒப்புதல் தந்த பழைய வாடிக்கையாளருக்கு, கூடிய விரைவில் ஓர் அறிவிப்பு தர வேண்டும். அவர் மறுக்கும்வரை தொடரலாம். அந்த அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் ஒன்றிலோ பெறும் வாய்ப்பு அவருக்கு இருக்க வேண்டும். நம் வாடிக்கையாளருக்குத் தமிழிலேயே கொடுங்கள்.

கையெழுத்துக்கு முன் என்ன கேட்பது

மாரியட் ஓட்டல் நிறுவனம் 2016 செப்டம்பரில் ஸ்டார்வுட் நிறுவனத்தை வாங்கி முடித்தது. ஸ்டார்வுட்டின் முன்பதிவுக் கணினியில் 2014-லேயே திருடர்கள் புகுந்திருந்தார்கள். வாங்கியபின் இரண்டு வருடம் அந்த அமைப்பு அப்படியே ஓடியது. 2018 செப்டம்பரில்தான் திருட்டு தெரிந்தது. உலகம் முழுவதும் சுமார் 33.9 கோடி விருந்தினர் பதிவுகள். பிரிட்டனின் தகவல் ஆணையர் 2020 அக்டோபரில் 1 கோடியே 84 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தார். புகுந்தது முந்தைய முதலாளி காலத்தில், கட்டியது வாங்கியவர். யாஹூவை வாங்கிய வெரைசன் நிறுவனம் வேறு மாதிரி முடித்தது. விற்பனை முடியும் முன்பே பெரிய திருட்டுகள் வெளியே வந்ததால், 2017 பிப்ரவரியில் விலையில் 35 கோடி டாலரைக் குறைத்துக்கொண்டது.

எனவே விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்: கடந்த சில வருடத்தில் விவரம் கசிந்ததா, யாருக்குத் தெரிவித்தீர்கள், எந்தெந்த வெளி ஏஜென்சிகளிடம் உங்கள் வாடிக்கையாளர் பட்டியல் இருக்கிறது, எஸ்எம்எஸ் அனுப்புகிறவர் யார், டாலி பேக்கப் எந்தக் கணினியில், அந்தக் கணினி யார் வீட்டில். கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும். பகுதிநேரக் கணக்கரின் வீட்டு லேப்டாப்பில்தான் ஒரு தொழிலின் முழு வரலாறும் இருப்பது நம் பக்கத்தில் சாதாரணம்.

பேச்சுவார்த்தை நடக்கும்போது வாங்குபவருக்கு வாடிக்கையாளரின் பெயர்ப்பட்டியலைக் கொடுக்கக் கூடாது. எத்தனை பேர், எந்த ஊர், சராசரி எவ்வளவு என்ற தொகை விவரம் விலை பேசப் போதும். மாதிரி பார்க்க வேண்டுமென்றால் பெயரையும் எண்ணையும் மறைத்துக் காட்டலாம். “அண்ணே, லிஸ்ட வாட்ஸ்அப்ல போட்டுவிடுறேன், பாத்துக்கங்க” என்று மேலாளர் சொல்லும் அந்த நிமிடத்தில் தடுங்கள். பேச்சு முறிந்தால் பட்டியல் திரும்பி வராது.

பங்காளிகளுக்குள் நம்பிக்கை இருக்கிறது, எழுத்து எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. திருமயம் மலையில் பெருமாள் கோயிலும் சிவன் கோயிலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. வருவாயைப் பங்கிடுவதில் இரண்டுக்கும் நீண்ட தகராறு. 1245-இல் ஹொய்சாளத் தளபதி அப்பண்ணா முன்னிலையில் தீர்ந்து, அந்தத் தீர்வு கல்வெட்டாகப் பொறிக்கப்பட்டது. நம் ஒப்பந்தத்திலும் அப்படி ஒரு பக்கம் வேண்டும்: பழைய கசிவு வெளியே வந்தால் யார் கட்டுவது, வாடிக்கையாளர் கேள்விக்கு யார் பதில் சொல்வது, எந்த விவரம் எந்த நாட்டில் இருப்பது.

கடல் தாண்டும் விவரம்

1973-இல் மலேசியாவில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி, யுனைடெட் கமர்ஷியல் வங்கி மூன்றின் கிளைகளும் சேர்ந்து யுனைடெட் ஏஷியன் வங்கி ஆயின. வெளிநாட்டு அரசுக்குச் சொந்தமான வங்கி அங்கே நடத்தக் கூடாது என்ற மலேசியச் சட்டம்தான் காரணம். 1937-இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் கதவு திறந்த இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் மலேசியக் கிளைகள் அந்த நாட்டின் விதிக்கு ஏற்ப வேறு வங்கியாயின. எந்த நாட்டு மக்களோடு தொழில் செய்கிறோமோ அந்த நாட்டுச் சட்டம் நம்மை விடாது.

இந்தியச் சட்டம் வெளிநாட்டுக்கு விவரம் அனுப்புவதைப் பொதுவாக அனுமதிக்கிறது. அரசு தடுத்து அறிவிக்கும் நாடுகளுக்கு மட்டும் கூடாது. பணப் பரிமாற்ற அமைப்புகளின் விவரம் இந்தியாவில்தான் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2018 ஏப்ரல் உத்தரவு. சிங்கப்பூரிலிருந்து திருமயம் அலுவலகத்துக்கு விவரம் வருவதானால், அங்குள்ள அளவுக்கு இங்கேயும் பாதுகாப்பு இருக்கும் என்று ஒப்பந்தத்தில் உறுதி தர வேண்டும். தொழில் கைமாற்றத்துக்குச் சிங்கப்பூர்ச் சட்டத்தில் தனி வழி உண்டு. முடிந்தபின் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். மலேசியாவில் திருத்தச் சட்டப்படி 2025 ஜூன் முதல், பெரிய அளவில் விவரம் கையாளும் நிறுவனங்கள் தரவுப் பாதுகாப்பு அதிகாரியை நியமிக்க வேண்டும். இலங்கையில் 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது.

கசிவு நடந்தால் ஓடும் கடிகாரமும் ஊருக்கு ஊர் வேறு. இந்தியாவில் கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசின் செர்ட்-இன் அமைப்புக்கு ஆறு மணி நேரத்துக்குள்; புது விதிகளின்படி தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்குத் தாமதமின்றி ஒரு தகவலும், 72 மணி நேரத்துக்குள் முழு விவரமும், பாதிக்கப்பட்டவருக்குத் தனியாக அறிவிப்பும். சிங்கப்பூரில் அறிவிக்க வேண்டிய கசிவுதான் என்று முடிவானபின் மூன்று நாள். மலேசியாவிலும் ஐரோப்பாவிலும் 72 மணி நேரம். இரண்டு நாட்டுக் கடைக்கும் ஒரே திட்டம் வையுங்கள். ஆறு மணி நேரத்தை அளவாக வைத்தால் மற்றவை தானாக அடங்கும். இரவு பதினோரு மணிக்கு யாரைக் கூப்பிடுவது என்ற போன் நம்பர் அந்தத் தாளின் முதல் வரியாக இருக்கட்டும்.

முதல் மாத வேலை

இணைந்த அன்றே பழைய ஆட்களின் லாகின்களைப் பட்டியல் எடுங்கள். விலகியவர்களின் கணக்கை அன்றே மூடுங்கள். எல்லோருக்கும் பொதுவான ஒரே பாஸ்வேர்டு இருந்தால், யார் எதைப் பார்த்தார் என்று பின்னால் சொல்லவே முடியாது. ஆளுக்கொரு லாகின் கட்டாயம்.

விற்பனையாளர்களின் சொந்த போனில் இருக்கும் பட்டியல்தான் கடினமான வேலை. பத்து வருடமாகக் கவுண்டரில் நிற்கும் ஒருவருக்கு வாடிக்கையாளர்கள் சொந்தக்காரர் மாதிரி. “அக்கா, ஆடிக்குப் புது டிசைன் வந்திருக்கு” என்று அவர் அனுப்பும் செய்தியால்தான் கடை ஓடுகிறது. அதை அதட்டிப் பறிக்காதீர்கள். கடை நம்பரில் ஒரு போன் வாங்கிக் கொடுத்து, அவர் கையாலேயே தொடர்புகளை அதற்கு மாற்றச் சொல்லுங்கள். விளம்பரம் வேண்டாம் என்று சொன்னவர்களின் பட்டியலையும் அவரிடமே கேட்டு வாங்குங்கள். அந்த மறுப்புப் பட்டியல் இணைப்பில் தொலைந்துபோவதால்தான் அதிகப் புகார் வருகிறது.

பழைய சர்வரையும் லேப்டாப்பையும் எடைக்குப் போடும் முன் வன்தட்டை முழுமையாக அழித்து, அழித்தவரிடம் தேதி போட்ட எழுத்துச் சான்று வாங்குங்கள். பழைய கடையின் சிம் கார்டை உடனே ரத்து செய்யாதீர்கள். வங்கிக்கும் ஜிஎஸ்டி தளத்துக்கும் ஓடிபி அதில்தான் வந்துகொண்டிருக்கும். எல்லா இடத்திலும் எண்ணை மாற்றியபின் செய்யுங்கள். பழைய இணையதளப் பெயரும் அப்படித்தான். பெயர் மாறிவிட்டதே என்று புதுப்பிக்காமல் விட்டால் யாரோ ஒருவர் சில நூறு ரூபாய்க்கு அதை வாங்கிவிடலாம். பழைய ஈமெயிலுக்கு வாடிக்கையாளர் அனுப்பும் பான் நகலெல்லாம் அவருக்குப் போகும். சில ஆண்டுகளாவது அந்தப் பெயரைக் கைவசம் வைத்திருங்கள். புதுப்பிப்புக் கட்டணம் திருமயம் கடை கட்டுமா சிங்கப்பூர்க் கடை கட்டுமா என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.